பித்தப்பைக் கல்லை அதிர்வலையால் உடைக்கலாமா? பினாங்குத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மாமாவுக்குக் கிட்னியில கல்லு இருந்துச்சு. கத்தியே வைக்காம மெஷின்ல உடைச்சுட்டாங்க. அம்மாவோட பித்தப்பைக் கல்லையும் அப்படியே உடைச்சிடலாமே?"

ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பது அரிது. நியாயமான கேள்விதான். உடைக்க முடியும்; நாற்பது ஆண்டுகளாக உடைத்தும் வருகிறார்கள். ஆனால் பித்தப்பையைப் பொறுத்தவரை உடைப்பது பாதி வேலைகூட ஆகாது. உடைக்கத் தகுந்த கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும், உடைந்த துகள்களை அதன்பின் மாதக்கணக்கில் கரைத்து வெளியேற்றுவதிலும்தான் எல்லாமே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போனால் சரியான கேள்வி கேட்கலாம். யாரும் உங்களை அவசரப்படுத்தவும் முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது

உடலுக்கு வெளியே ஒரு கருவி அழுத்த அலைகளை உண்டாக்குகிறது. அவற்றை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். நம் சதையில் பெரும்பகுதி நீர் என்பதால் அலை அதைப் பெரிய சேதமில்லாமல் கடந்துபோகும். கல்லில் மோதும் இடத்தில்தான் அதன் ஆற்றல் இறங்குகிறது. கல்லில் விரிசல் விழுகிறது, சுற்றியுள்ள திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன, கல் மணலாகிறது. காற்று மட்டும் இந்த அலைக்கு ஆகாது. அதனால்தான் நுரையீரலும் வாயு நிறைந்த குடலும் அலையின் பாதையில் வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980-ல் முதன்முதலாகச் சிறுநீரகக் கல்லை இப்படி உடைத்தார்கள். கருவியை உருவாக்கியது விமானம் செய்யும் டோர்னியர் நிறுவனம். 1985-ல் அதே நகரில் பித்தப்பைக் கல்லிலும் முயன்று வெற்றி கண்டார்கள். அப்போது உலகமே இதைக் கொண்டாடியது, கத்திக்கு வேலை போய்விட்டது என்றுகூடப் பேசினார்கள். ஆனால் அதே 1985-ல், அதே ஜெர்மனியில், எரிக் மியூஹே என்ற அறுவை மருத்துவர் சிறு துளைகள் வழியாகவே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990-களில் இந்தத் துளை அறுவை உலகெங்கும் பரவியது. அதிர்வலைச் சிகிச்சை பின்னுக்குப் போனதற்கு முதல் காரணம் அதுதான். இன்னொரு காரணம், அலை கல்லை உடைக்கும். கல்லை உண்டாக்கிய பை அப்படியே உள்ளே இருக்கும்.

மாமாவின் கிட்னிக் கல்லோடு இதை ஒப்பிட முடியாது. சிறுநீர் ஓடும் கால்வாய் மாதிரி, உடைந்த துகளை அடித்துக்கொண்டு போய்விடும். பித்தப்பை தேங்கிய குளம். சாப்பிடும்போதுதான் சுருங்கி, பித்தத்தைக் குடலுக்கு அனுப்பும். துகள் வெளியே வரவேண்டுமானால் சுருள் மடிப்புகள் கொண்ட குறுகிய குழாயைத் தாண்டி, பொதுப் பித்தக் குழாயில் இறங்கி, கணையக் குழாயும் வந்து சேரும் ஒரு சிறிய வாயைக் கடக்க வேண்டும். அந்த வாயில் துகள் சிக்கினால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம்.

படி 1: வலிக்குக் காரணம் கல்தானா?

நம்மவர்கள் மேல்வயிற்றில் என்ன வலி வந்தாலும் 'கேஸ்ட்ரிக்' என்று முடித்துவிடுகிறோம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம். பித்தப்பை வலிக்கு என்று சில அடையாளங்கள் உண்டு. நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ பிடிக்கும். அரைமணி நேரமாவது நீடிக்கும், சில மணி நேரம்கூடப் போகும். வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ ஏறும். இரவு நேரத்திலும், கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பின்னும் வருவது அதிகம். நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றிச் சாப்பிட்ட இரவில் வலி வந்தால், குழம்பு கல்லை உண்டாக்கிவிட்டது என்று பொருளில்லை. ஏற்கெனவே இருந்த கல்லின் மேல் பை சுருங்கியிருக்கிறது. வயிற்று உப்புசமும் ஏப்பமும் மட்டும் இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. கல்லை அகற்றினாலும் அவை போகாமல் இருக்கலாம்.

மார்பை அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் கல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 999-ஐ அழையுங்கள். மாரடைப்பு அப்படியும் வரும்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்து, வலியே இல்லையென்றால் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1 முதல் 4 பேருக்குத்தான் தொல்லை தொடங்குகிறது. சும்மா இருக்கும் கல்லை உடைத்து, அந்தத் துகளைக் குழாய்க்குள் அனுப்பி, இல்லாத வலியை வரவழைத்துக்கொள்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

படி 2: கல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், தொடங்குங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து நிபுணரிடம் போக ஒரு பரிந்துரைக் கடிதம், நாம் சொல்லும் 'சூராட் ருஜுக்கான்', தருவார்கள். பினாங்குக்காரர்கள் பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பப்படுவார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உண்டு. கல்லீரல், பித்தக் குழாய் சார்ந்த சிக்கலான நோய்களுக்குச் செலாயாங் மருத்துவமனை பேர்பெற்றது.

முதல் சோதனை அல்ட்ராசவுண்ட். இதற்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். இதில் நம்மவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான்: "சாப்பிடலைங்க, தே தாரிக் மட்டும்தான் குடிச்சேன்." அந்தத் தே தாரிக்கில் உள்ள பாலின் கொழுப்பு போதும், பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல் தெளிவாகத் தெரியாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். மற்ற மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்பவர் திரையை உங்கள் பக்கம் திருப்பினால் நன்றாகப் பாருங்கள். கறுப்பான பேரிக்காய் வடிவத்தில் தெரிவது பித்தப்பை. அதற்குள் வெள்ளையாக ஒரு வளைவு மின்னும், அதுதான் கல்லின் மேற்புறம். அதற்குக் கீழே பட்டையாக ஒரு நிழல் விழும். "இடது பக்கம் திரும்பிப் படுங்க" என்பார்கள். திரும்பியதும் அந்த வெள்ளை வளைவு உருண்டு இடம் மாறினால் கல். மாறாமல் சுவரிலேயே ஒட்டியிருந்தால் அது சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம், அதற்கு வழி வேறு.

அறிக்கையில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: எத்தனை கல், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், பையின் சுவர் தடித்திருக்கிறதா, பொதுப் பித்தக் குழாய் விரிந்திருக்கிறதா. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்வலையைப் பற்றி யோசிப்பதானால் இன்னும் இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்று சி.டி. ஸ்கேன், கல்லில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ரால் கற்களே மருந்துக்குக் கரையும். சுண்ணாம்பு ஏறியவையும், இரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக அழிவதால் உண்டாகும் கறுப்பு நிறமிக் கற்களும் கரையாது. தலசீமியா போன்ற இரத்தநோய் உள்ளவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கறுப்பு வகை. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இரண்டாவது, பை வேலை செய்கிறதா என்ற சோதனை. வெறும் வயிற்றில் பையை அளந்து, கொழுப்புள்ள உணவு கொடுத்து, சற்று நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். நன்றாகச் சுருங்காத பை, துகளை வெளியே தள்ளாது. அப்படிப்பட்ட பையில் உள்ள கல்லை உடைத்து என்ன பயன்?

இவற்றோடு கல்லீரல் இரத்தச் சோதனையும், இரத்தம் உறையும் நேரமும் பார்ப்பார்கள்.

படி 3: நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா?

மியூனிக் குழு வைத்த அளவுகோலையே பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் பின்பற்றினார்கள். சுண்ணாம்பு இல்லாத கல்லாக இருக்க வேண்டும். ஒரே கல், 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மிகவும் நல்லது. அதிகம் போனால் மூன்று கற்கள் வரை. பை நன்றாகச் சுருங்க வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும், வலி வந்துபோனவராக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது. பித்தப்பையோ குழாயோ கணையமோ அழற்சியில் இருக்கும்போது கூடாது. அலையின் பாதையில் இரத்தக்குழாய் வீக்கமோ கல்லீரலில் நீர்க்கட்டியோ இருந்தாலும் தவிர்ப்பார்கள். இதய மின்தூண்டல் கருவி வைத்திருப்பவர்கள் இதய மருத்துவரின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது.

மியூனிக் குழு 1988-ல் தன் முதல் 175 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. இரண்டு மாதத்தில் பை முழுக்கச் சுத்தமானவர்கள் 30 விழுக்காடுதான். 12 முதல் 18 மாதத்தில் அது 91 விழுக்காடாக உயர்ந்தது. இந்தக் கணக்கைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர்கள் எல்லாரும் கவனமாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பல கற்கள் உள்ளவர்களுக்கு வெற்றி வெகுவாகக் குறைந்தது.

ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பித்தப்பைக் கல்லுக்குக் கரைக்கும் மருந்தைத் தனியாகவோ அதிர்வலையோடு சேர்த்தோ பரிந்துரைக்கவில்லை. கல் திரும்ப வருவதுதான் முக்கியக் காரணம். எனவே உங்கள் மருத்துவர் துளை அறுவையைச் சொன்னால் அவர் பழைய பாணி ஆள் என்று நினைக்க வேண்டாம். மயக்க மருந்து தாங்காத உடல்நிலை, அல்லது எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகும் அறுவை வேண்டாம் என்ற உறுதி: இந்த இரண்டு நிலைகளில்தான் அதிர்வலையைப் பற்றிப் பேசுவதற்கு இடம் இருக்கிறது என்பது என் கருத்து.

கல் பித்தப்பையில் இல்லாமல் பொதுப் பித்தக் குழாயில் பெரிதாகச் சிக்கியிருந்தால் கதை வேறு. வாய்வழியே குழாய்க் கேமரா விட்டு எடுப்பதுதான் முதல் வழி. எடுக்க முடியாத பெரிய கல்லாக இருந்தால், மூக்குவழியே ஒரு மெல்லிய குழாயைப் பித்தக் குழாய் வரை செலுத்தி, மருந்து ஊற்றிக் கல்லை எக்ஸ்ரேயில் தெரியவைத்து, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்து, பிறகு துகளைக் கேமரா வழியாகவே எடுக்கிறார்கள். கணையக் குழாய்க் கற்களுக்கும் அதிர்வலை இன்றும் முக்கியமான சிகிச்சை. யாராவது "எனக்குப் பித்தக் கல்லை மெஷினில் உடைத்தார்கள்" என்று சொன்னால், பையிலா குழாயிலா என்று கேளுங்கள்.

எண்ணெய் வைத்தியமும் வாழைத்தண்டும்

இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து இரவில் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று வாட்சப்பில் சுற்றுகிறது. விழுவது உண்மை, கல் அல்ல. 2005-ல் மருத்துவர்கள் அப்படி விழுந்த உருண்டைகளைச் சோதித்தார்கள். மெழுகு போல இருந்தன, 40 டிகிரி சூட்டில் உருகி எண்ணெயாகிவிட்டன, கொலஸ்ட்ரால் இல்லவே இல்லை. குடித்த எண்ணெயே வயிற்றில் சாறோடு சேர்ந்து சோப்பாகியிருந்தது. அவ்வளவு எண்ணெய் குடித்தால் பை பலமாகச் சுருங்கும். சிறிய கல் குழாயில் சிக்க அது ஒன்றே போதும்.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள்ளும் நம் வீடுகளில் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. பித்தப்பைக் கல் சிறுநீர்ப் பாதையில் இல்லை. இவற்றை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

படி 4: இடத்தைத் தேடும்போது கேட்க வேண்டியவை

அதிர்வலை இயந்திரம் பல மருத்துவமனைகளில் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் சிறுநீரகக் கல்லுக்காக வைத்திருப்பவை. விளம்பரத்தில் 'கல் உடைக்கும் சிகிச்சை' என்று இருந்தால் அதையே பித்தப்பைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைபேசியிலேயே கேளுங்கள்: பித்தப்பைக் கல்லுக்கு இதைச் செய்கிறீர்களா? குடல் மருத்துவ நிபுணர் செய்கிறாரா? கல்லை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செய்யும் வசதி இருக்கிறதா? துகள் குழாயில் சிக்கினால் அன்றைக்கே கேமரா விட்டு எடுக்க ஆள் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். மருத்துவர் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

மெடிக்கல் கார்டு வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள். இந்நாட்டுக் காப்பீட்டுத் திட்டங்களில் சிறுநீர், பித்தப் பாதைக் கற்களுக்கு வழக்கமாக 120 நாள் காத்திருப்பு உண்டு. கார்டு எடுக்கும் முன்பே கல் இருப்பது தெரிந்திருந்தால் பணம் தர மறுக்கலாம். மருத்துவமனையில் சேரும் முன்பே உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா, பிறகு வரும் ஸ்கேனும் மாத்திரையும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: முந்தைய நாட்கள்

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்துகளை மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்தவே கூடாது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் குறிப்பாக. இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறும் வயிற்று நாளில் மருந்தையும் இன்சுலினையும் எப்படிக் குறைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்மதப் படிவம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அம்மாவோ பாட்டியோ கையெழுத்துப் போடுவதாக இருந்தால் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். "அம்மா, புரிஞ்சுதா? எதாச்சும் கேக்கணுமா?" என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்லும் வரை பேனாவைக் கொடுக்காதீர்கள்.

படி 6: சிகிச்சை நாள்

முதல் காலத்தில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தார்கள். இப்போது தண்ணீர் நிறைந்த மெத்தை போன்ற தலை ஒன்றுதான் வயிற்றில் ஒட்டும், இடையில் ஜெல் தடவுவார்கள். குப்புறவோ சற்றுச் சாய்ந்தோ படுக்கச் சொல்வார்கள். கையில் ஊசி போட்டு வலி மருந்தும் லேசான தூக்க மருந்தும் தருவார்கள். முழு மயக்கம் பொதுவாகத் தேவைப்படாது. இயந்திரம் தட் தட் என்று தட்டும். சுண்டிவிடுவது போன்ற உணர்வு இருக்கும். மூச்சு இழுத்தால் கல் நகரும் என்பதால் ஒரே சீராக மூச்சு விடச் சொல்வார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டல்கள், அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. வலி தாங்கவில்லையென்றால் சொல்லுங்கள், ஆற்றலைக் குறைப்பார்கள். பல்லைக் கடித்துப் பொறுப்பதால் உடல் அசையும், குறி தவறும்.

சிலருக்கு ஒரே தடவையில் முடியாது, மறுபடி வரச் சொல்வார்கள்.

படி 7: முதல் வாரங்கள்

தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றி மறையலாம். சிறுநீரில் சற்று இரத்தம் தெரியலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் துகள் வெளியேறும்போது பழைய வலி மறுபடி வரும், மருந்துக்கு அடங்கும். நூற்றில் ஓரிருவருக்குக் கணைய அழற்சி வரலாம்.

இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் பால் ஊற்றாத தே ஓ நிறத்தில் போவது, மலம் வெளிறிப்போவது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் விடாத வலி, முதுகைத் துளைக்கும் வலியோடு நிற்காத வாந்தி. 'விடியட்டும், பார்க்கலாம்' என்று இரவில் காத்திருக்காதீர்கள். பித்தக் குழாயில் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

படி 8: மாத்திரை மாதங்கள்

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய துகளைக் கரைக்க உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் என்ற மருந்தைத் தருவார்கள். வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 600 மில்லிகிராம் ஆகும். 250 மில்லிகிராம் மாத்திரையில் எத்தனை, எந்த நேரத்தில் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். அலுமினியம் கலந்த வயிற்றுப்புண் மருந்து இது உடலில் ஏறுவதைத் தடுக்கும். கேஸ்ட்ரிக் மருந்தைச் சேர்த்து விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும், அதையும் சொல்லிவிடுங்கள்.

வலி நின்றது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். வலி நிற்பது வேறு, பை சுத்தமாவது வேறு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, துகள் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் சுமார் மூன்று மாதம் மருந்தைத் தொடர்வது வழக்கம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகலாம். அவ்வளவு நாள் மாத்திரை வாங்கும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

சாப்பாட்டில் ஒரேயடியாகப் பட்டினி வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் புதிய கல் உண்டாகும் வாய்ப்பு கூடும். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் பித்தம் பையிலேயே தேங்கும். தைப்பூசத்துக்கு நீண்ட விரதம் இருப்பவர்கள் இந்தச் சிகிச்சைக் காலத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நேரத்துக்கு எளிய உணவாவது எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

படி 9: கல் திரும்பி வந்தால்

பை சுத்தமானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐந்தாண்டுக்குள் கல் மறுபடி உண்டாகிறது. அதனால் சுத்தமான பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது வலி வந்தவுடன், ஸ்கேன் எடுங்கள். திரும்பி வந்த கல் வலிக்காமல் இருந்தால் பழையபடி விட்டுவிடலாம். வலித்தால், மறுபடி உடைப்பதைப் பற்றிப் பேசும் முன் அறுவை மருத்துவரைப் பாருங்கள். துளை அறுவைக்குப் பின் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பித்தப்பை இல்லாமலும் கல்லீரல் பித்தத்தைச் சுரந்து நேராகக் குடலுக்கு அனுப்பும், சாப்பாடு செரிக்கும். சிலருக்குச் சில வாரம் மலம் இளகிப் போகும். அந்த அறுவையிலும் ஆபத்து உண்டு. ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக் குழாயில் காயம் படுகிறது. அதையும் கேட்டு, முந்தைய ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கல் எங்கே இருந்தது, எத்தனை மில்லிமீட்டர், எப்போது மறைந்தது என்ற விவரம் அவருக்கு மிகவும் உதவும்.